மடிக்கணினிக்குள் இருந்த இன்னொரு கதவு

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட அந்த மடிக்கணினிகளுக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று எல்லோரும் அறிந்த விண்டோஸ். மற்றொன்று 'பாஸ் லினக்ஸ்'. பொத்தானை அழுத்தியதும் இரண்டில் எது வேண்டும் என்று திரை கேட்கும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்த இரண்டாவது பெயரைத் தொட்டதே இல்லை. தொட்டுப் பார் என்று சொல்லவும் ஆள் இல்லை. கணினி மந்தமானபோது கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உரிமம் இல்லாத விண்டோஸ் ஒன்றைப் போட்டு நானூறு, ஐந்நூறு வாங்கிக்கொண்டார். பரணில் ஏறிய மடிக்கணினிகள் பல. அவற்றோடு அந்த இரண்டாவது கதவும் பரணேறியது.

அந்தக் கதவைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். இந்தப் பத்தியை எழுதும் நாங்கள் சிலர், காலனிப் படிப்பகம் ஒன்றில் மாலை வேளைகளில் பிள்ளைகளோடு உட்காருகிறவர்கள். கணினிப் பட்டம் பெற்றவர் எங்களில் ஒருவரும் இல்லை. பழைய மாணவர்கள் கொண்டுவந்து வைத்த மூன்று மடிக்கணினிகளை உயிர்ப்பிக்க முடியுமா என்று பொழுதுபோக்காகத்தான் தொடங்கினோம். இன்று படிப்பகத்தின் பாதி எழுத்துவேலை அவற்றில்தான் நடக்கிறது.

பொழுதுபோக்காகப் பிறந்ததுதான்

லினக்ஸே ஒருவரின் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தன் 386 கணினிக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக 1991 ஆகஸ்ட் 25 அன்று மற்ற ஆர்வலர்களுக்கு அறிவித்தார். இது பொழுதுபோக்குதான், பெரிதாக எதுவும் வராது என்றும் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் அவர் வெளியிட்ட முதல் பதிப்பு சுமார் பத்தாயிரம் வரிகள்.

இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியின் அடித்தளம் லினக்ஸ்தான். உலகின் அதிவேகக் கணினிகள் 500-ஐ வரிசைப்படுத்தும் பட்டியலில், 2017 நவம்பர் முதல் 500-ம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. வங்கிப் பணப் பரிமாற்றம் தொடங்கி நீங்கள் பார்க்கும் காணொளி வரை, பின்னால் உழைக்கும் கணினிகளில் பெரும்பகுதி அதுவே.

ஒரு மாணவர் எழுதியது இவ்வளவு தூரம் வந்ததற்கு அவர் திறமை மட்டும் காரணம் அல்ல. எழுதியதைப் பூட்டி வைக்காமல் எல்லோர் முன்னும் அவர் வைத்தார். படித்தவர்கள் திருத்தினார்கள். திருத்தியவர்கள் சேர்த்தார்கள்.

அப்படித் திறந்து வைப்பதற்கான வழியை அவருக்கு முன்பே ஒருவர் வகுத்திருந்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அவர். அங்கிருந்த லேசர் அச்சு இயந்திரத்தில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கியதும் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதன் மென்பொருளைத் திருத்த அவர் விரும்பினார். மூல நிரல், அதாவது மனிதர் படிக்கும்படி எழுதப்பட்ட வரிகள், அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ரகசிய ஒப்பந்தம் என்றார்கள். தன் அறையில் இருக்கும் இயந்திரத்தைத் தானே சரிசெய்யக் கூடாது என்பது அவரை உறுத்தியது. 1983-ல் 'க்னூ' என்ற திட்டத்தை அறிவித்தார். 1989-ல் ஜி.பி.எல். என்ற உரிமத்தை வெளியிட்டார்.

கட்டற்ற மென்பொருளின் அடிப்படை நான்கு உரிமைகள். எந்த நோக்கத்துக்கும் மென்பொருளை இயக்கலாம். அது எப்படி இயங்குகிறது என்று படித்து, வேண்டியபடி மாற்றலாம். படியெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மாற்றியதையும் கொடுக்கலாம். ஜி.பி.எல். இவற்றோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறது: கொடுக்கும்போது இதே உரிமைகளை வாங்குகிறவருக்கும் கொடுத்துவிட வேண்டும். இடையில் யாரும் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

படிக்கக் கூடாது என்ற சொல்

இதை ஏன் இந்தப் பத்தியில் எழுதுகிறோம் என்று சிலருக்குத் தோன்றலாம். பாபாசாகேப் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். அவர் சாதியைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். வேறு வழியின்றிப் பாரசீகம் எடுத்தார். பிற்காலத்தில் தன் முயற்சியால் சமஸ்கிருதம் கற்று, எந்த நூல்களின் பேரால் தன் மக்கள் ஒதுக்கப்பட்டார்களோ அந்த நூல்களையே ஆராய்ந்து பதில் எழுதினார். நம்மை ஆளும் எழுத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சாதிக் கொடுமையும் மென்பொருள் உரிமமும் ஒன்றல்ல. ஆனால் இன்று உதவித்தொகை, ரேஷன், நூறு நாள் வேலைக் கூலி, பட்டா என எல்லாமே கணினி நிரல்களின் வழியாகத்தான் நம்மிடம் வருகின்றன. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்பது நம் கேள்வி.

நம் முன்னோர் தங்கள் காலத்துக் கருவியைக் கையில் எடுத்தவர்கள். ரெட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அச்சு அன்றைய புதுத் தொழில்நுட்பம். யாராவது நம்மைப் பற்றி எழுதுவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

கறுப்புத் திரை

படிப்பகத்தில் இருந்த மூன்றில் ஒரு மடிக்கணினி எழுந்து நிற்கவே பத்து நிமிடம் எடுக்கும். நினைவகம் இரண்டு ஜி.பி. மட்டும். அதில் எடை குறைந்த 'லுபுண்டு' லினக்ஸை ஏற்றினோம். ஒரு பென் டிரைவ், ஒரு மணி நேரம், செலவு ஒன்றுமில்லை. ஏற்றியதும் எழுதவும் படிக்கவும் இணையம் பார்க்கவும் தேவையானது எல்லாம் அதிலேயே இருந்தது. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது.

பிறகுதான் 'டெர்மினல்' என்ற கறுப்புத் திரையைத் திறந்தோம். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். படம் இல்லை, பொத்தான் இல்லை, ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். அங்கே நாம் தட்டும் சொல்லை வாங்கி, கணினிக்குப் புரியவைத்து, பதிலைக் கொண்டுவரும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தோடு 1970-களில் வளர்ந்தது இது. லினக்ஸில் அதிகம் புழங்கும் 'பேஷ்' ஷெல்லை 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதினார்.

'எல்எஸ்' என்று தட்டினால் கோப்புகளின் பட்டியல் வரும். 'சிடி' என்றால் ஒரு கோப்புறைக்குள் போகும். 'சிபி' படியெடுக்கும். 'கிரெப்' ஒரு சொல்லைத் தேடும். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்கிய ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு ஒன்று புரிந்தது: இது ஆங்கில இலக்கணம் இல்லை, முப்பது நாற்பது குறுஞ்சொற்கள்தான். அவற்றை அவள் தமிழ் விளக்கத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் அந்த நோட்டு படிப்பகத்தின் பொதுச்சொத்தாகிவிட்டது.

ஷெல்லின் தனி அழகு 'பைப்' என்ற நேர்கோடு. ஒரு கட்டளை தரும் விடையை அடுத்த கட்டளைக்குக் குழாயில் தண்ணீர் போல அனுப்பிவிடலாம். படிப்பகத்தில் யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை வரிக்கு ஒரு தலைப்பாக ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தோம். அதை 'சார்ட்' வரிசைப்படுத்தியது. 'யூனிக்' ஒவ்வொரு தலைப்பும் எத்தனை முறை வந்தது என்று எண்ணியது. மறுபடி 'சார்ட்' அதிகம் படிக்கப்பட்ட புத்தகத்தைக் கடைசியில் நிறுத்தியது. பதிவேட்டைப் புரட்டி ஒரு மாலை முழுக்கச் செய்யும் வேலை, ஒரே வரியில் முடிந்தது.

உதவித்தொகை நாட்கள்

அந்த ஒரு வரி எங்களுக்கு ஒரு யோசனையைத் தந்தது. போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை 1944 முதல் இருந்துவரும் திட்டம். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியலின மாணவர்கள் பலருக்குக் கல்லூரிப் படிப்பு நிற்பதும் நடப்பதும் அதை வைத்துத்தான். விண்ணப்பம் இப்போது இணையத்தில். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மதிப்பெண் பட்டியல், புகைப்படம். இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் ஒவ்வொரு படமும் இத்தனை கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கும். கைபேசியில் எடுத்த படம் அதைப்போலப் பல மடங்கு பெரிது.

இதற்காகப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு படத்தையும் சுருக்கத் தனிக் காசு. கடைசி நாளில் கூட்டம் நெரியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சாதிச் சான்றும் ஆதாரும் வங்கிக் கணக்கு எண்ணும் முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் அப்படியே கிடக்கும்.

படிப்பகத்தில் எழுதிய முதல் ஷெல் நிரல் இதற்குத்தான். சொற்களில் சொன்னால்: இந்தக் கோப்புறையில் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் எடு, அகலத்தைக் குறை, 50 கே.பி.க்குள் அடக்கு; 'தயார்' என்ற கோப்புறையில் அதே பெயரில் வை; அடுத்த படத்துக்குப் போ; தீர்ந்ததும் நில். ஷெல் மொழியில் 'ஃபார்' என்று தொடங்கி, 'டூ' என்று வேலையைச் சொல்லி, 'டன்' என்று முடிக்கும் ஐந்தாறு வரிகள். படத்தைச் சுருக்குவது 'இமேஜ்மேஜிக்' என்ற கட்டற்ற மென்பொருள். அந்தப் பருவத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் படம் சுருக்கக் காசு கொடுக்கவில்லை. அவர்கள் சான்றுகள் படிப்பகத்தை விட்டு வெளியே போகவும் இல்லை.

சுருங்கிய படத்தில் எழுத்து மங்கியது என்று ஒரு கல்லூரி மாணவர் சொன்னார். நிரலைத் திறந்து, சான்றுகளுக்கு ஓர் அளவு, புகைப்படத்துக்கு ஓர் அளவு என்று அவரே பிரித்தார். விலைக்கு வாங்கிய பூட்டிய மென்பொருளாக இருந்தால் குறை சொல்லியிருப்பார், அவ்வளவுதான். இங்கே குறை சொன்னவரே சரி செய்தார். ஸ்டால்மன் கேட்டுக் கிடைக்காதது இதுதான்.

பஞ்சமி என்று தேடினால்

இரண்டாவது வேலை இன்னும் பெரியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் அன்றைய ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்த நிலத்தில் எவ்வளவு இன்று நம்மிடம் இல்லை என்பதை ஒவ்வொரு ஊரும் அறியும். 1994-ல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

நில உரிமை கேட்பவருக்கு முதல் தேவை ஆவணம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டணத்தில் கட்டுக் கட்டாக நகல் வரும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் 'பஞ்சமி' என்ற சொல் எங்கே இருக்கிறது, 'டி.சி. நிலம்' என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கண் வலிக்கத் தேட வேண்டும்.

இங்கே 'டெசராக்ட்' என்ற கட்டற்ற மென்பொருள் உதவுகிறது. படத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டச்சு செய்த எழுத்தாக மாற்றுவது அதன் வேலை. தமிழும் அதற்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து ஒரு கோப்புறையில் போட்டுவிட்டால், சிறு ஷெல் நிரல் ஒன்று ஒவ்வொன்றையும் டெசராக்டிடம் கொடுத்து எழுத்தாக்கும். பிறகு 'கிரெப்' கட்டளையிடம் 'பஞ்சமி' என்று கொடுத்தால் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று காட்டும்.

இதை மந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. தெளிவாக அச்சடித்த பக்கத்தை டெசராக்ட் நன்றாகவே படிக்கும். மங்கிய நகலில் தடுமாறும்; 'ர' என்ற எழுத்தையும் துணைக்காலையும் குழப்பும். கர்ணம் கையால் எழுதிய பழைய பதிவேட்டை அதனால் படிக்க முடியாது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்பில் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதனால் கணினி 'இல்லை' என்றால் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. முந்நூறு பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டிய பத்துப் பக்கத்தை அது எடுத்துக் கொடுக்கும். சர்வே எண்ணைச் சரிபார்ப்பதும், அலுவலக வாசலில் நிற்பதும், வழக்காடுவதும் மனிதர் வேலைதான்.

கதவு திறந்திருந்தால் போதுமா?

திறந்த கதவு என்பதாலேயே எல்லோரும் உள்ளே போய்விடுவதில்லை. பாஸ் லினக்ஸ் அதற்கு நல்ல உதாரணம். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம், 'டெபியன்' லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு இந்திய மொழிகளோடு அதை உருவாக்கியது. மடிக்கணினித் திட்டத்துக்கு முன்பே, எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த அலுவலகத்தைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். மென்பொருள் இருந்தது, மடிக்கணினியும் வீடு வந்தது. அதைச் சொல்லித்தரும் ஆசிரியரும் பாடவேளையும்தான் உடன் வரவில்லை.

பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. அதற்கென்று 'கைட்' என்ற அரசு நிறுவனம் தன் சொந்த லினக்ஸ் பதிப்பைத் தயாரிக்கிறது; ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. பெங்களூருவின் கொட்டிகெரே பகுதிக் குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் இயக்கத் தன்னார்வலர்கள் அம்பேத்கர் பெயரிலேயே ஒரு சமுதாயக் கணினி மையம் நடத்தினார்கள். குழந்தைகள் அங்கே 'கிம்ப்' என்ற மென்பொருளில் படம் வரையக் கற்றார்கள். இரண்டு இடங்களிலும் மென்பொருளோடு, கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க மனிதர்களும் இருந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் பிழைப்பும் இருக்கிறது. லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் வேலைக்கு ஷெல் அடிப்படைப் பாடம். பொறியியல் கல்லூரிக்குப் போக முடியாத பட்டப்படிப்பு மாணவரும், பாலிடெக்னிக் மாணவரும் வீட்டிலிருந்தே இதைப் பழகலாம். பழகினால் உடனே வேலை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் நேர்முகத் தேர்வில் 'நானே எழுதிய நிரல் இது' என்று காட்ட ஒன்று இருக்கும். பரிந்துரைக்க ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது சிறிய பலம் அல்ல.

தொடங்க நினைப்பவர்களுக்கு

பரணில் கிடக்கும் மடிக்கணினியை இறக்குங்கள். உள்ளே இருக்கும் புகைப்படங்களையும் சான்றுகளையும் முதலில் வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். லுபுண்டு, டெபியன் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றினால், கணினியில் எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஒரு வாரம் அப்படிப் பழகிவிட்டு, பிறகு நிலையாக ஏற்றலாம்.

மடிக்கணினி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். 'டெர்மக்ஸ்' என்ற கட்டற்ற செயலியை ஆண்ட்ராய்டு கைபேசியில் நிறுவினால் அதே கறுப்புத் திரை, அதே பேஷ் ஷெல். இங்கே சொன்ன கட்டளைகள் எல்லாம் அதிலும் வேலை செய்யும்.

இரண்டு எச்சரிக்கைகள். 'ஆர்எம்' என்ற கட்டளை அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். 'சூடோ' என்று தொடங்கும் கட்டளைக்குக் கணினியின் முழு அதிகாரமும் உண்டு. யாரோ அனுப்பிய வரி என்ன செய்யும் என்று புரியாமல் அதை ஓட்டாதீர்கள். எந்த நிரலையும் முதலில் நகல் கோப்புகளில் சோதியுங்கள்.

தமிழில் படிக்க நூல்கள் இருக்கின்றன. 'கணியம்' என்ற மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. லினக்ஸ் பற்றிய எளிய தமிழ் நூல்களையும் விலையின்றி வெளியிட்டிருக்கிறது. ஊர்ப் படிப்பகமோ, அம்பேத்கர் மன்றமோ, மாலை நேர வகுப்போ நடத்துபவர்கள் அவற்றில் ஒன்றை அச்செடுத்து மேசையில் வையுங்கள். படியெடுத்துக் கொடுக்க அந்த நூல்களே அனுமதிக்கின்றன.

வாரத்தில் ஒரு மாலை போதும். முதல் வாரம் கோப்புகளைப் பார்க்கவும் நகர்த்தவும் பழகுங்கள். இரண்டாம் வாரம் தேடுவதும் எண்ணுவதும். மூன்றாம் வாரம் உங்கள் ஊரில் கையால் செய்து சலித்துப்போன ஒரு வேலையை எடுங்கள்: மகளிர் குழுவின் கணக்கு, பள்ளி இடைநின்ற பிள்ளைகளின் பட்டியல், மனுக்களின் தேதிவாரிக் குறிப்பு. அதை ஐந்து வரி நிரலாக எழுதிப் பாருங்கள். ஓடியதும் உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஊர்ப் படிப்பகத்துக்கும் கொடுங்கள். அவர்கள் அதைத் திருத்திச் சிறப்பாக்கித் திருப்பித் தருவார்கள்.